உலாவி கைவிட்டாலும் எக்ஸ்எஸ்எல்டியை நாம் கைவிட வேண்டாம்

எக்ஸ்எம்எல் ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் காப்பகங்கள், நூலகங்கள், ஆய்விதழ்கள், அகராதித் திட்டங்கள் ஆகியவற்றின் தொழில்நுட்பக் குழுக்களுக்கு,

வணக்கம்.

டேக்குகளால் குறித்த எக்ஸ்எம்எல் ஆவணங்களை வலைப்பக்கம் போன்ற வேறு வடிவங்களாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியைக் குரோம் உலாவியிலிருந்து நீக்கப்போவதாக அறிவிப்பு வந்த நாளிலிருந்து உங்களைப் போன்ற குழுக்களின் கூட்டங்களில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது: இனிமேல் எக்ஸ்எம்எல் கோப்புகளை வலைப்பக்கமாக மாற்ற எந்த ஸ்டைல்ஷீட் மொழியை, அதாவது ஆவணத்தை எப்படிக் காட்டுவது என்ற விதிகளை எழுதும் மொழியை, நம்புவது? பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மட்டும் போதும் என்கிறார் ஒருவர். எக்ஸ்எஸ்எல்டி செத்துவிட்டது, எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதுவோம் என்கிறார் இன்னொருவர். ஒரு மாற்று நிரலை ஒட்டவைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். நீங்கள் அவசரத்தில் முடிவெடுத்துவிடுவீர்களோ என்ற கவலையில் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக மாற்றும் வேலையை உலாவியிலிருந்து எடுத்து உங்கள் பக்கம், அதாவது சர்வரிலோ தளத்தைக் கட்டும் கட்டத்திலோ, வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு எக்ஸ்எஸ்எல்டியையே, அதுவும் 3.0 பதிப்பை, பயன்படுத்துங்கள். சிஎஸ்எஸ்ஸை அதன் பிறகு வரும் எச்டிஎம்எல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

என்ன நடந்தது என்பதில் குழப்பம் இருப்பதால் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலாவிகளுக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி, 1999 நவம்பர் 16 அன்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியான 1.0 பதிப்பு. அதே நாளில்தான், ஆவணத்தின் பகுதிகளைச் சுட்ட எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் எக்ஸ்பாத் மொழியின் 1.0 பதிப்பும் வெளியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, எக்ஸ்எஸ்எல்டியின் தாய்த் திட்டமான எக்ஸ்எஸ்எல்லின் வரைவு வடிவம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டது. பரிந்துரை முடிவானபோது அந்த வரைவும் முடிவான வடிவமும் ஒத்துப்போகவில்லை. உலாவியில் எக்ஸ்எஸ்எல்டியின் வாழ்க்கை ஆரம்பத்திலிருந்தே இப்படி அரைகுறையாகத்தான் இருந்தது. 2007 ஜனவரியில் 2.0 வந்தது, 2017 ஜூனில் 3.0 வந்தது. பெரிய உலாவிகளில் ஒன்றுகூட இவற்றைத் தன்னுள் சேர்க்கவில்லை. குரோமும் சஃபாரியும் லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற திறந்த மூல நூலகத்தை வைத்து 1.0 பதிப்பை ஓட்டின. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று எழுதிய ஒன்றை வைத்து ஓட்டியது. நீக்கும் பேச்சும் புதிதல்ல. 2013ஆம் ஆண்டிலேயே குரோம் குழுவுக்குள் இந்த யோசனை வந்து, அப்போது நிறைவேறாமல் நின்றது.

இந்த முறை அது நிற்கவில்லை. லிப்எக்ஸ்எஸ்எல்டியில் பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அதைத் தன்னார்வமாகப் பராமரித்துவந்தவர் 2025இல் விலகினார். அந்த ஆண்டு ஆகஸ்டில், எச்டிஎம்எல் தரத்திலிருந்தே எக்ஸ்எஸ்எல்டியை எடுத்துவிடலாமா என்ற கேள்வி, அந்தத் தரத்தைப் பராமரிக்கும் வாட்விஜி அமைப்பின் முன் வைக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 2026 நவம்பரில் வரும் 155ஆம் பதிப்பிலிருந்து வழக்கமான பயன்பாட்டில் அதை நிறுத்துவது என்ற திட்டத்தைக் குரோம் அறிவித்தது. ஃபயர்பாக்ஸ் தரப்பும், சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் தரப்பும் இதே திசையில் போவதாகச் சொல்லியிருக்கின்றன.

எனக்கு இதில் கோபம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மொழியின் முதல் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய பதிப்புகளைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசியில் இது பழசு, யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. பெரும் வருமானம் பார்க்கும் உலாவிகள், தன்னார்வலர் ஒருவரின் உழைப்பில் நின்ற நூலகத்தைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் பாதுகாப்புக் காரணம் பொய்யல்ல. நினைவகத்தைத் தானே கையாளும் பழைய சி மொழி நிரல், முன்பின் தெரியாத தளங்களிலிருந்து வரும் கோப்புகளை உலாவிக்குள் வைத்துப் பிரிப்பது ஆபத்தானதுதான். இது எல்லாம் சேர்ந்து எனக்குச் சொல்வது ஒன்று: உலாவியோடு சண்டை போடுவதற்கு உங்கள் குழுவின் நேரத்தைச் செலவிட வேண்டாம். நீக்கப்படுவது உலாவிக்குள் இருந்த 1.0 பிராசசர், அதாவது அந்த மொழியை ஓட்டும் நிரல். மொழி உயிரோடு இருக்கிறது, வளர்ந்தும் இருக்கிறது. நம்மில் பலர் உலாவியைத் தாண்டி அதைப் பார்க்கவே இல்லை.

இனி சிஎஸ்எஸ். எக்ஸ்எம்எல் கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் கோப்பை இணைத்தால் உலாவி அதைப் பக்கமாகக் காட்டும் என்பது உண்மை. இந்த வசதி இன்றும் இருக்கிறது, நீக்கும் பட்டியலில் இல்லை. அதனால்தான் சிஎஸ்எஸ் மட்டும் போதும் என்ற வாதம் கவர்ச்சியாகத் தெரிகிறது. ஓர் அகராதிப் பதிவை எடுத்துக்கொள்வோம். தலைச்சொல், இலக்கண வகை, பொருள்கள், மேற்கோள்கள், தொடர்புடைய சொற்களுக்கான சுட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுவது, பொருள்களுக்கு வரிசை எண் போடுவது, டேக்குக்குள் ஆட்ரிப்யூட்டாக இருக்கும் இலக்கண வகையை எடுத்து முன்னால் ஒட்டுவது ஆகிய மூன்றையும் சிஎஸ்எஸ் அழகாகச் செய்துவிடும்.

அப்புறம்தான் சிக்கல். தொடர்புடைய சொல்லைச் சொடுக்கினால் அந்தப் பதிவுக்குப் போக வேண்டும். சிஎஸ்எஸ்ஸால் இணைப்பை உண்டாக்க முடியாது. சுட்டில் வெறும் அடையாள எண்தான் இருக்கிறது, அந்த எண்ணுக்குரிய தலைச்சொல் வேறோர் இடத்தில் இருக்கிறது என்றால், அதைத் தேடி எடுத்துவந்து காட்டவும் அதனால் முடியாது. பக்கத்தின் மேலே உள்ளடக்கப் பட்டியல் வேண்டுமென்றால் முடியாது. ஒரே தலைப்பு இரண்டு இடத்தில், மேலே பட்டியலிலும் கீழே அதன் சொந்த இடத்திலும், வர வேண்டும் என்றால் கையை விரித்துவிடும். அகர வரிசைப்படுத்தல் இல்லை. உலாவித் தாவலில் காட்டப் பக்கத் தலைப்புக்கூடக் கிடைக்காது. சிஎஸ்எஸ் ஆவணத்தின் மரத்துக்கு, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த டேக்குகளின் கட்டமைப்புக்கு, உடை போடும் மொழி. மரத்தை வெட்டி ஒட்டி வேறு மரமாக்கும் வேலைக்கு அது உருவாக்கப்படவே இல்லை. அதை அதன் குறையாக நான் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கண் தெரியாத வாசகர் திரைவாசிப்பான் வழியாகத்தான் உங்கள் பக்கத்தைக் கேட்கிறார். எச்டிஎம்எல்லில் இது தலைப்பு, இது பட்டியல், இது அட்டவணை, இது இணைப்பு என்று அந்தக் கருவிக்குத் தெரியும். நீங்கள் உங்கள் திட்டத்துக்கென்று வைத்த டேக் பெயர்கள் அதற்கு எதையும் சொல்லாது. சிஎஸ்எஸ் போட்டு எவ்வளவு பெரிய எழுத்தில் காட்டினாலும் அவருக்கு அது தலைப்பாகாது. தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கவும் முடியாது. 1999இல் எக்ஸ்எஸ்எல்லின் பக்க வடிவமைப்புப் பகுதியைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தபோது, சிஎஸ்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹோகோன் வியும் லீ, வெறும் தோற்றத்தை மட்டும் வாசகருக்கு அனுப்பினால் ஆவணத்தின் பொருள் தொலைந்துபோகும் என்று எச்சரித்தார். அந்தக் கவலை இங்கேயும் பொருந்துகிறது. உங்கள் டேக்குகளில் பொருள் நிறைய இருக்கிறது, ஆனால் அது உங்கள் குழுவுக்கு மட்டும் புரியும் பொருள். வாசகரின் கருவிகளுக்குப் புரியும் பொது மொழி எச்டிஎம்எல். உங்கள் பொருளை அந்தப் பொது மொழிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மாற்றம் கட்டாயம் வேண்டும். ஆகவே சிஎஸ்எஸ்ஸா எக்ஸ்எஸ்எல்டியா என்று கேட்பதே சரியில்லை. இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகள்.

சரி, மாற்றம் வேண்டும். அதை ஏன் பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதக்கூடாது? இந்தக் கேள்விதான் நான் அதிகம் கேட்பது. இதற்குத்தான் நான் மிகுந்த அக்கறையோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் எக்ஸ்எம்எல் வெறும் தரவு என்றால், அதாவது ஒரே மாதிரியான பதிவுகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் அதே ஆறு புலங்கள் என்றால், தாராளமாக எழுதுங்கள். அதற்கு எக்ஸ்எஸ்எல்டி தேவையே இல்லை. ஆனால் காப்பகங்களிடமும் பதிப்பாளர்களிடமும் இருப்பது அநேகமாக அப்படிப்பட்ட எக்ஸ்எம்எல் அல்ல. டிஇஐ என்ற உரைக் குறியீட்டு வடிவில் குறிக்கப்பட்ட ஒரு பழம்பதிப்பையோ ஜாட்ஸ் என்ற ஆய்விதழ் வடிவிலான ஓர் ஆய்வுக் கட்டுரையையோ திறந்து பாருங்கள். ஒரு பத்தி. அதன் நடுவே ஓர் ஊர்ப்பெயர். ஊர்ப்பெயருக்குள் ஒரு பாடபேதம். பாடபேதத்துக்குள் சாய்வெழுத்தில் ஒரு சொல். அந்தச் சொல்லை ஒட்டி ஓர் அடிக்குறிப்பு, அந்த அடிக்குறிப்புக்குள் இன்னொரு ஊர்ப்பெயர். எது எதற்குள் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எழுத்தும் டேக்குகளும் கலந்து ஓடும் இந்த உரைக்குத்தான் எக்ஸ்எஸ்எல்டி செய்யப்பட்டது.

அதன் அடிப்படை விதி எளிமையானது. ஊர்ப்பெயரைப் பார்த்தால் இதைச் செய், உள்ளே இருப்பதை அதனதன் விதிக்கு விட்டுவிடு. அடிக்குறிப்பைப் பார்த்தால் இதைச் செய், உள்ளே இருப்பதை அதனதன் விதிக்கு விட்டுவிடு. இப்படி ஒவ்வொரு எலிமெண்டுக்கும், அதாவது டேக் குறிக்கும் பகுதிக்கும், டெம்ப்ளேட் என்ற ஒரு விதி எழுதி, அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்ற ஒரே கட்டளையில் ஆவணத்தை அதன் போக்கில் ஓட விடுகிறோம். ஊர்ப்பெயர் பத்திக்குள் வந்தாலும் அடிக்குறிப்புக்குள் வந்தாலும் அதே விதி பிடித்துக்கொள்ளும். அடிக்குறிப்புக்குள் வரும் ஊர்ப்பெயருக்கு மட்டும் வேறு மாதிரி வேண்டுமென்றால், அந்தச் சூழலைச் சொல்லி இன்னொரு டெம்ப்ளேட் சேர்த்தால் போதும், பழையதைத் தொட வேண்டியதில்லை. உள்ளடக்கப் பட்டியலும் வேண்டும், உடலும் வேண்டும் என்றால், மோட் என்ற வசதி இருக்கிறது. ஒரே தலைப்பு எலிமெண்டைப் பட்டியல் மோடில் ஒரு முறையும் உடல் மோடில் ஒரு முறையும் கடக்கலாம். அடிக்குறிப்பும் இப்படித்தான்: பத்தி ஓடும்போது அந்த இடத்தில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தின் முடிவில் வேறொரு மோடில் முழுக் குறிப்பையும் அச்சிடலாம்.

இதையே பொது நிரல் மொழியில் எழுதத் தொடங்குபவர் முதலில் ஒரு சுற்று எழுதுவார், அதற்குள் நீண்ட இப்படியானால்-அப்படியானால் சங்கிலி எழுதுவார், பிறகு உள்ளே நுழையத் தன்னையே அழைக்கும் செயல்கூறு எழுதுவார், பிறகு சூழலை நினைவில் வைக்கக் கொடிகள் வைப்பார். முடிவில் அவர் கையில் இருப்பது எக்ஸ்எஸ்எல்டியின் ஒரு சிறிய, சோதிக்கப்படாத, ஆவணப்படுத்தப்படாத நகல். அவர் வேலையை விட்டுப் போனதும் அதைப் படிக்க ஆள் கிடைக்காது. எக்ஸ்எஸ்எல்டி தெரிந்தவர்கள் குறைவு என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் முன்னாள் ஊழியரின் சொந்த மாற்றுநிரல் தெரிந்தவர் உலகத்தில் யாருமே இல்லை. எக்ஸ்எஸ்எல்டிக்கு எழுதிவைத்த தரம் இருக்கிறது, 3.0 விதித்தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு எவரும் எந்த ஸ்டைல்ஷீட்டையும் வரி வரியாகப் புரிந்துகொள்ளலாம்.

கற்பது கடினம் என்ற புகாருக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். இந்த மொழியின் சொற்கள் கடினமல்ல. சுற்று எழுதும் பழக்கத்திலிருந்து விடுபடுவதுதான் கடினம். உங்கள் குழுவில் இருக்கும் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து பாருங்கள். எல்லாமே ஃபார்-ஈச் சுற்றுகளாக, ஒரே பெரிய டெம்ப்ளேட்டுக்குள் அடைத்து எழுதப்பட்டிருந்தால், உங்கள் கசப்புக்குக் காரணம் அநேகமாக அதுதான். அதை மொழியின் தலையில் போடாதீர்கள்.

உங்கள் கசப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது முழுக்க நியாயமானது: நீங்கள் பழகியது 1.0. அந்தப் பதிப்பின் கஷ்டங்களை நான் மறைக்க விரும்பவில்லை. கட்டுரைகளை ஆண்டுவாரியாகத் தொகுத்துக் காட்ட வேண்டும் என்ற மிகச் சாதாரணத் தேவைக்கே 1.0 பதிப்பில் நேரடிக் கட்டளை கிடையாது. கீ ஒன்றை வரையறுத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ளக அடையாளத்தை உருவாக்கி, அது அந்த ஆண்டின் முதல் கட்டுரையின் அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் ஒரு தொகுப்பைத் தொடங்க வேண்டும். ஸ்டீவ் மியூன்ச் என்பவர் பரப்பிய உத்தி இது. மியூன்ச் முறை என்றே பெயர் பெற்றுவிட்டது. புத்திசாலித்தனமான உத்திதான், ஆனால் புதிதாக வந்தவர் அதைப் பார்த்தால் மொழியையே வெறுத்துவிடுவார். 2.0 பதிப்பிலிருந்து ஃபார்-ஈச்-குரூப் என்ற ஒரே கட்டளையில் இது முடிந்துவிடுகிறது. தேதிகளைக் கையாள்வது, சொந்தச் செயல்கூறுகளை எழுதுவது, ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து உரையைப் பிரிப்பது, ஒரே ஓட்டத்தில் ஒரு பெரிய தொகுதியை நூற்றுக்கணக்கான பக்கங்களாகப் பிரித்து எழுதுவது எல்லாம் 2.0 பதிப்பில் வந்துவிட்டன. பிழை வந்தால் பிடித்துச் சமாளிக்கும் வசதியும், ஜேசன் வடிவத் தரவைப் படித்து எழுதும் வசதியும், முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாமல் ஓடவிட்டபடியே மாற்றும் ஸ்ட்ரீமிங்கும் 3.0 பதிப்பில் சேர்ந்தன.

நேம்ஸ்பேஸ் தொல்லையையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். டிஇஐ கோப்பிலோ ஆட்டம் என்ற செய்தியோடைக் கோப்பிலோ எல்லா எலிமெண்டுகளும் ஒரு நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் பெயர்வெளிக்குள், இருக்கின்றன. 1.0 பதிப்பில் முன்னொட்டு இல்லாமல் எழுதிய பெயர், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத எலிமெண்டைத்தான் குறிக்கும். ஆகவே நீங்கள் எழுதிய ஒரு டெம்ப்ளேட்டும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. உள்ளமைந்த விதிகள் வேலை செய்து, முழு ஆவணத்தின் எழுத்தும் வடிவமில்லாமல் ஒரே கொட்டாகக் கொட்டிக் கிடக்கும். இந்த மொழியைத் தொட்டுப் பார்த்து ஓடிப்போனவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஓடியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 2.0 பதிப்பிலிருந்து எக்ஸ்பாத்துக்கான இயல்பு நேம்ஸ்பேஸை ஸ்டைல்ஷீட்டின் மேலே ஒரு முறை அறிவித்துவிட்டால் போதும். உலாவியில் மட்டுமே எக்ஸ்எஸ்எல்டி எழுதியவர்கள் இந்த நிம்மதியை அனுபவித்ததே இல்லை. அவர்கள் வெறுப்பது 1999ஐ.

பழைய ஸ்டைல்ஷீட்டை 3.0க்கு நகர்த்துவது பெரும்பாலும் சுலபம், ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே வெளியிட்டுவிடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: மூன்று ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் வேல்யூ-ஆஃப் கட்டளை 1.0 பதிப்பில் முதல் ஆசிரியரை மட்டும் எழுதும், 2.0 முதல் மூவரையும் இடைவெளி விட்டு எழுதும். பழைய நடத்தையை நம்பி எழுதிய இடங்கள் சத்தமில்லாமல் மாறிப்போகும். பதிப்பு எண்ணை 1.0 என்றே விட்டுவைத்தால் பழைய மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பின்னிணக்க முறை தரத்தில் உண்டு. ஆனால் அது விருப்பத் தேர்வு என்பதால் எல்லாப் பிராசசரும் அதைத் தரும் என்று சொல்ல முடியாது. அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வரும் எச்டிஎம்எல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ்ஸ்பெக் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. ஜெனி டென்னிசன் தொடங்கியது. இந்த எக்ஸ்எம்எல் துண்டைக் கொடுத்தால் இந்த எச்டிஎம்எல் வர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருபவர் பயமில்லாமல் ஸ்டைல்ஷீட்டில் கைவைக்கலாம்.

எந்தப் பிராசசர் என்று கேட்பீர்கள். இங்கே ஒரு பலவீனத்தை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். 1.0க்கு எக்ஸ்எஸ்எல்டிபிராக், சலான், டாட்நெட்டின் உள்ளமைந்த பிராசசர் எனப் பல உண்டு. பிஎச்பியிலும் பைத்தானின் எல்எக்ஸ்எம்எல்லிலும் இருப்பதும் உள்ளே லிப்எக்ஸ்எஸ்எல்டிதான். ஆகவே சர்வரில் அதை ஓட்டுகிறவர்களும் அதன் பராமரிப்பு நிலையைக் கவனிக்க வேண்டும். 3.0 என்று வந்தால் தேர்வு சுருங்கிவிடுகிறது. நடைமுறையில் பெரும்பாலோர் சாக்சனைத்தான் நம்பியிருக்கிறோம். 2.0, 3.0 இரண்டின் தொகுப்பாசிரியரான மைக்கேல் கே எழுதத் தொடங்கியது அது. அதன் எச்இ பதிப்பு திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங் மாதிரியான சிலவற்றுக்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவியில் இவ்வளவு சாய்ந்திருப்பது எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் மூலநிரல் திறந்திருக்கிறது, தரமும் திறந்திருக்கிறது. உங்கள் ஸ்டைல்ஷீட் தரத்தின்படி எழுதப்பட்டிருக்கும்வரை நாளை வேறொரு பிராசசர் வந்தால் போய்ச் சேரலாம். 4.0க்கான வரைவு வேலையும் ஒரு சமூகக் குழுவில் நடந்துகொண்டிருக்கிறது.

எக்ஸ்குவரி பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஈஎக்ஸிஸ்ட்-டிபி, பேஸ்எக்ஸ் போன்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளம் வைத்திருந்தால் தேடி எடுக்க அது அருமையான மொழி. எடுத்த ஆவணத்தைப் பக்கமாக்கும் வேலையை எக்ஸ்எஸ்எல்டியிடம் கொடுத்துவிடுங்கள். அச்சுக்கான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ தனிக் கதை, 2006இல் வந்த 1.1க்குப் பிறகு அதில் புதிய பரிந்துரை வரவில்லை. வலைத்தளத்துக்கு அது உங்களுக்குத் தேவையில்லை.

எங்கே ஓட்டுவது என்பதற்கு வருகிறேன். ஆவணம் அடிக்கடி மாறாது என்றால், காப்பகங்களில் அப்படித்தான், தளத்தைக் கட்டும்போதே எல்லாக் கோப்பையும் எச்டிஎம்எல்லாக்கி அடுக்கி வையுங்கள். சர்வர் வெறும் கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும். பழைய கைபேசியில் படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் ஒரே பக்கம் போய்ச் சேரும், ஸ்கிரிப்ட் எதுவும் ஓட வேண்டியதில்லை. அடிக்கடி மாறும் என்றால் கேட்கும்போது சர்வரில் மாற்றி, மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உலாவிக்குள்ளேயே மாற்றம் நடந்தே ஆக வேண்டிய ஊடாட்டப் பக்கம் என்றால் சாக்சனின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான சாக்சன்ஜேஎஸ், எக்ஸ்எஸ்எல்டி 3.0 பதிப்பை அங்கேயே ஓட்டும். அதுவும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

குரோம் தரப்பு முன்வைக்கும் பாலிஃபில், பழைய 1.0 பிராசசரை உலாவியில் ஓடும் வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவமாக்கிப் பக்கத்துக்குள் ஓட்டும் ஏற்பாடு. இடைக்காலத்துக்கு உதவும். ஆனால் கோப்பின் தலையில் எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட் வரி வைத்து ஓட்டியவர்கள் ஒவ்வொரு எக்ஸ்எம்எல் கோப்புக்குள்ளும் ஒரு ஸ்கிரிப்ட் எலிமெண்டைச் சேர்க்க வேண்டிவரும். ஆயிரக்கணக்கான மூல ஆவணங்களைத் திறந்து, அவற்றுக்குச் சம்பந்தமில்லாத ஸ்கிரிப்டைச் செருகுவதை ஒரு காப்பகம் செய்யக்கூடாது என்றே நினைக்கிறேன். கோப்புகளைத் தொடும் அளவுக்கு உழைப்பைப் போடுவதென்றால் அந்த உழைப்பை நிரந்தரத் தீர்வில் போடுங்கள்.

வெளியாரின் எக்ஸ்எம்எல்லை உங்கள் சர்வரில் மாற்றுவதாக இருந்தால் வெளிக் கோப்புகளை இழுக்கும் என்டிட்டிகளையும் பிற கோப்புகளைப் படிக்கும் டாக்குமென்ட் செயல்கூறு தொடக்கூடிய இடங்களையும் பூட்டி வையுங்கள். வெளியார் கொடுக்கும் ஸ்டைல்ஷீட்டை ஓட்டவே ஓட்டாதீர்கள். அது நிரல்தான், தோற்றக் கோப்பு என்று நினைத்து ஏமாறக் கூடாது.

முகவரிகள் விஷயத்தில் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் உங்கள் எக்ஸ்எம்எல் கோப்பின் முகவரியையே அடிக்குறிப்புகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எச்டிஎம்எல்லுக்கு மாறும்போது அந்த முகவரிகள் சாகக்கூடாது. உலாவி கேட்கும்போது எச்டிஎம்எல்லையே முதலில் விரும்புவதாகத் தன் கோரிக்கையிலேயே சொல்கிறது; அதைப் பார்த்து அதே முகவரியில் எச்டிஎம்எல்லைக் கொடுக்கலாம், எக்ஸ்எம்எல் கேட்டு வரும் நிரலுக்கு எக்ஸ்எம்எல்லைக் கொடுக்கலாம். அது சிரமமென்றால் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு எச்டிஎம்எல் பக்கத்திலும் மூல எக்ஸ்எம்எல்லுக்கு ஓர் இணைப்பு இருக்கட்டும். பக்கத்தைப் படிப்பவருக்கு எச்டிஎம்எல் போதும். உங்கள் குறியீட்டை வைத்து ஆராய்ச்சி செய்பவருக்கு, பாடபேதங்களை எண்ணுபவருக்கு, ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் ஏற்றுபவருக்கு எக்ஸ்எம்எல்தான் வேண்டும். எச்டிஎம்எல் வந்துவிட்டது, இனி எக்ஸ்எம்எல் எதற்கு என்று சில கூட்டங்களில் பேச்சு எழுவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அந்தப் பாதையில் போகாதீர்கள். எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல்லிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கலாம். எச்டிஎம்எல்லிலிருந்து அந்த எக்ஸ்எம்எல்லைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஆவணங்களை, அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பும் பாடபேதமும் அட்டவணையும் இருப்பவற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எக்ஸ்எஸ்எல்டி 3.0 பதிப்பில் ஒருவரும், குழு விரும்பும் வேறு மொழியில் இன்னொருவரும் எச்டிஎம்எல்லாக மாற்றட்டும். பிறகு ஆவணத்தில் இதுவரை இல்லாத ஒரு புதிய எலிமெண்டைச் சேர்த்து, இருவரின் நிரலையும் மூன்றாம் நபர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எதைத் திருத்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு, அதை வைத்து முடிவெடுங்கள்.

அன்புடன்,
எக்ஸ்எம்எல் ஆவணங்களோடு வேலை செய்யும் ஒருவர்